ஏழு எண்ணும் நாலு எண்ணும்

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கும். காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எது நடந்தாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் முதல்முறை கேட்பதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கதையில் கோமாளி நாமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? முதலில் கோபம் வரும். அப்புறம் நாமும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவோம்.

எங்கள் சொந்தத்தில் அந்தக் கோமாளி நான். ஏழைவிட நாலுதான் பெரிது என்று ஊர் நடுவில் நின்று சொன்னவள். அப்பா உயிரோடு இருந்தவரை அவர் சொன்னார். அவருக்குப் பிறகு அண்ணன் சொல்கிறான். என் வாயால் இதை யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

எங்கள் ஊர் பாகலூர்ப் பக்கம். இன்றைக்கு அங்கே போனால் எனக்கே வழி தெரியாது. எங்கே பார்த்தாலும் லாரி, வரிசையாக வாடகை அறைகள், வாசலில் துணி காயப்போடும் வடக்கத்திப் பையன்கள். நான் சொல்வது ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் அப்போதுதான் முளைக்கத் தொடங்கிய காலம். அப்பா ஒரு நிலக்காரரிடம் வேலைக்கு இருந்தார். இருந்தார் என்றால், அவருடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார். நாங்கள் குடியிருந்த ஓட்டுவீடும் அந்த நிலத்தின் மூலையில்தான். மேட்டில் ராகி, நடுவில் அவரை, கிணற்றுப் பக்கம் மல்பெரி. மல்பெரி இலையைப் பறித்துப் பட்டுப்புழுக் கொட்டகைக்குச் சுமந்துபோவது அம்மாவும் நானும். புழுக்கள் இலையைத் தின்னும் சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல இருக்கும். கொட்டகை நாற்றம் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

அவரைக்காய் காலம் அது. எங்கள் பக்கத்துக் குளிர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். விடிந்து வெகுநேரம் வரை பனி இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வீடு அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்குவார்கள். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துப்போகும். அந்த வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் எனக்கு முதலில் பசிக்கிறது, அப்புறம் முகம் சுடுகிறது.

நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரில் படித்தார்கள். லீவுக்கு வந்தபோது ஏதோ விளையாட்டு அட்டை கொண்டுவந்தார்கள். அதைக் கன்றுக்குட்டி மென்றுவிட்டது. அட்டை போனபிறகு கட்டை எதற்கு என்று அந்த வீட்டம்மா இரண்டு கட்டைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நம் தாயக்கட்டைபோல நீளமாக இருக்காது. குட்டிச் சதுரக் கட்டை, ஆறு முகம், ஒன்றிலிருந்து ஆறு வரை புள்ளி. ஒன்று நல்ல வெள்ளை. இன்னொன்று அவர்கள் வீட்டு மஞ்சள் டப்பாவில் எத்தனை நாள் கிடந்ததோ, கழுவக் கழுவ மஞ்சளாகவே இருந்தது.

எனக்கு விளையாடத் துணை கிடையாது. அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவன். பத்தாவது பாஸ் செய்துவிட்டு, கோஸ் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அதனால் எனக்கு நானே ஒரு ஆட்டம் கண்டுபிடித்தேன். கொட்டகைக்குப் பின்னால் செம்மண்ணில் பதினோரு குழி தோண்டினேன். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் கூட்டுத்தொகை இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதானே வரும்? எண்ணுக்கு ஒரு குழி. எது விழுகிறதோ அந்தக் குழியில் ஒரு புளியங்கொட்டை. எந்தக் குழி முதலில் நிறைகிறதோ அது ஜெயித்தது.

பெரிய எண் என்பதால் நான் எப்போதும் பன்னிரண்டின் கட்சி. அது ஒருநாளும் ஜெயிக்கவில்லை. கொட்டைகள் எல்லாம் நடுக்குழிகளிலேயே போய்ச் சேர்ந்தன. ஏழு பொங்கி வழியும்போது பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ கிடக்கும். கட்டையில் ஏதோ கோளாறு என்று தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன். ஒருநாள் இலைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சட்டென்று புரிந்துபோனது. பன்னிரண்டு வரவேண்டுமென்றால் மஞ்சளிலும் ஆறு, வெள்ளையிலும் ஆறு. வேறு வழியே கிடையாது. ஏழு அப்படியில்லை. மஞ்சளில் எது விழுந்தாலும் வெள்ளையில் அதற்கு ஒரு ஜோடி காத்திருக்கிறது. மஞ்சள் ஒன்று, வெள்ளை ஆறு. மஞ்சள் ஆறு, வெள்ளை ஒன்று. இப்படி ஏழுக்கு ஆறு வழி. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம்! கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வாரமே நிலக்காரர் புழுவைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்தார். குழிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்னடி இது, பல்லாங்குழியா?”

“இல்லீங்க ஐயா. கட்டை உருட்டறது. நடுவுலதாங்க சேருது. ஓரத்துல சேரவே மாட்டேங்குது.”

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். தானே சில தடவை உருட்டினார். எட்டு, ஏழு, ஆறு, மறுபடி ஏழு. நான் மூச்சுவிடாமல் காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டாரா, பட்டுக்கூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாரா, தெரியவில்லை. “கெட்டிக்காரிதான் நீ” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன், அண்ணனிடம் சொன்னேன், மாட்டிடம்கூடச் சொன்னேன்.

பொங்கல் முடிந்ததும் கம்பெனி வந்தது. முதலில் ஜீப்பு, அப்புறம் அளக்கிற சங்கிலி. நிலக்காரர் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். விலை போக ஒரு நிரந்தர வேலையும் உண்டு என்றார்கள். “ஒந்தே கெலசா” என்று ஜீப்பில் வந்த அதிகாரி கன்னடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினார், வேலை ஒன்றுதான் என்று. யார் பெயரைக் கொடுப்பது என்பது நிலக்காரர் விருப்பம். அவருக்கு மச்சினர் மகன் ஒருவன் ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பெயர்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கு நிலம் போனால் வேலை போகும், வீடும் போகும். அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தால் மட்டும்தான் நாங்கள் ஊரில் தங்கலாம். இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலை, சாலையோரக் கூடாரம். அப்பா வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்கு இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் கேட்டார்: “ரெண்டு தலைமொறையா ஒழைச்ச குடும்பம்ப்பா. அந்தப் பையனும் பத்தாவது படிச்சிருக்கான். கொஞ்சம் யோசன பண்ணு.” நிலக்காரருக்கு ஊர்முன் முடியாது என்று சொல்லவும் மனமில்லை, மச்சினரைப் பகைக்கவும் முடியாது. சாமிமுன் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

எங்கள் பக்கம் இப்படிச் சிக்கல் வந்தால் சீட்டு எழுதிக் குலுக்கிப்போடுவதுதான் வழக்கம். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று நிலக்காரரே சொன்னார். “எழுத்து தெரியாதவனுக்கும் புள்ளி எண்ணத் தெரியும். அந்தப் புள்ளகிட்ட ரெண்டு கட்டை இருக்குது. எடுத்தாரச் சொல்லு.”

மாரியம்மன் கோயில் முன்னால் காலையில் கூடினோம். கம்பெனி அதிகாரியும் வந்திருந்தார். பூசாரி பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார். யாரோ ஒற்றைப்படை ஒருத்தருக்கு, இரட்டைப்படை ஒருத்தருக்கு என்றார்கள். நிலக்காரர் கையை ஆட்டினார்.

“ஒத்தை ரெட்டை எல்லாம் வேணாம். ஒழைச்சவனுக்கு நான் விட்டுத் தரணும், அதான் மொறை. ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, இந்த நாலு எண் எனக்குப் போதும். மிச்சம் இருக்கற ஏழு எண்ணும் உனக்கு எடுத்துக்கடா.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. நல்ல மனுசன்ப்பா என்றார்கள். அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். என் கண்ணுக்குள் அந்தப் பதினோரு குழிகளும் வந்து நின்றன. நடுவில் நான்கு குழி, கொட்டை வழிந்துகொண்டு.

“அப்பா, வேணாம்ப்பா” என்று கத்திவிட்டேன். “ஏழு எண்ணு கம்மிப்பா. நாலுதான் ஜாஸ்தி. ஐயாதான் ஜெயிப்பாரு!”

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், வேப்பமரத்துக் காக்கா எல்லாம் கிளம்பிப் போனது. “பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லித் தராங்களா?” என்று ஒருவர் கேட்டார். நான் விடவில்லை. உருட்டிப் பாருங்கள், நிறையத் தடவை உருட்டிப் பாருங்கள், தெரியும் என்றேன். அப்பா முகம் கறுத்துவிட்டது. நிலக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “வேணும்னா மாத்திக்கலாமாடா? நாலு நீ எடுத்துக்க. ஏழு நான் எடுத்துக்கறேன்” என்றார்.

மாத்திக்கோ, மாத்திக்கோ என்று என் உடம்பெல்லாம் துடித்தது. அப்பா என் பக்கம் திரும்பாமலே கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயோ, என்னங்க ஐயா. கொழந்த, புத்தி இல்லாம பேசுது. நீங்க குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டுங்க.”

பிறகு வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் குளிரில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. என்மேலேயே வெட்கம், இப்படிக் கும்பிடுகிற அப்பாமேல் அதைவிட வெட்கம். இந்த ஆள் என் அப்பாவாக இல்லாமலிருந்தால் என்ன என்று நினைத்தேன். அவர் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்பது எனக்கு இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது. மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால், கொடுத்தவரையே சந்தேகப்பட்டவன் ஆகியிருப்பார். ஜெயித்தாலும் தோற்றாலும் அதற்குப்பின் அந்த ஊரில் எங்களை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? கோழை என்றுதான் நினைத்தேன்.

பூசாரி கட்டைகளுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் தாம்பாளத்தில் உருட்டினார். மஞ்சள் உடனே நின்றது. நாலு. வெள்ளை நிற்காமல் ஓரத்தில் ஒரு முனையில் சுழன்றது. என் மண்டை தானாகவே கணக்குப் போட்டுவிட்டது: வெள்ளையில் ஒன்றோ ஆறோ விழுந்தால் அண்ணனுக்கு. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து எது விழுந்தாலும் நிலக்காரருக்கு. அண்ணன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். யாரிடமோ கடன் வாங்கிய சட்டை, கை நீளம். விரல்களை மடக்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூணு, மூணு, ஏழு வரட்டும் மாரியாத்தா என்று வேண்டிக்கொண்டேன்.

ஆமாம். அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். ஏழு விழுந்தால் அண்ணனுக்கு வேலை கிடைக்காது, நாங்கள் தெருவுக்குப் போவோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும், நான் சொன்னது சரி என்று எல்லார் முகமும் சுண்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. எப்பேர்ப்பட்ட பெண் பாருங்கள் நான்.

ஒரு பெரிய சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். வெள்ளையில் ஒன்று. கூட்டினால் ஐந்து. அண்ணனை நாலு பேர் தூக்கிக்கொண்டார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். நிலக்காரர் சொன்ன சொல் தவறவில்லை, அங்கேயே அதிகாரியிடம் அண்ணன் பெயரைச் சொன்னார். அப்பா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவர்முன் நிறுத்தினார்.

“கால்ல விழு. எப்பேர்ப்பட்ட மனுசன சந்தேகப்பட்ட நீ!”

விழுந்தேன். புதுச்செருப்பின் ரப்பர் வாசனை அடித்தது. “விடுடா, கொழந்த” என்றார் அவர். தப்புப் பண்ணிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதேன். இவ்வளவு சின்ன வாய்த்துடுக்குக்கு இவ்வளவு அழுகையா என்று அம்மாவே பயந்துவிட்டாள். அந்தக் காலடியில் கிடந்தபடி நான் மன்னிப்புக் கேட்டது செருப்புப் போட்டிருந்தவரிடம் இல்லை, தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம்.

கட்டைகளை நான் திருப்பிக் கேட்கவில்லை. பூசாரி எங்கே வைத்தாரோ. அந்தக் கோயிலையும் ரோட்டை அகலமாக்கும்போது இடம் மாற்றிக் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஒருமுறை திறந்து பார்த்தாயிற்றே. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது, ஊத்தங்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதையைச் சொன்னார். நிலக்காரர் ஏழு எண்ணை விட்டுக்கொடுத்த பெருமை, நான் நாலுதான் ஜாஸ்தி என்று கத்திய கூத்து. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழிகளைத் தப்பாகத் தோண்டியிருப்பேனோ?

என் மகள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, ரெண்டு பகடைய உருட்டினா மொத்தம் முப்பத்தாறு வழியாம்” என்று சத்தமாகப் படித்தாள். நிகழ்தகவு என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்போடு வந்து எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்டு, ஒரு பக்கம் ஒன்றிலிருந்து ஆறு, மேலே ஒன்றிலிருந்து ஆறு. ஏழுக்கு ஆறு கட்டம், ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்தைந்து, ஒன்பதுக்கு நாலு. சேர்த்தால் இருபது. மிச்ச ஏழு எண்ணுக்கும் சேர்த்துப் பதினாறுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இதை அச்சடித்தே கொடுக்கிறார்கள். “ஏம்மா அழுவுற?” என்றாள் மகள். அடுப்புப் புகை என்றேன். எங்கள் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்பு.

நிலக்காரர் தெரிந்து செய்தாரா என்று கேட்பீர்கள். குழிகளைப் பார்த்தவர் அவர். நடு எண்களை எடுத்தவரும் அவர். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டவரும் அவர்தானே? எனக்குத் தெரியவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் அந்தக் கம்பெனியிலேயே இருந்து ரிட்டயர் ஆனான். ஓசூரில் மாடி வீடு கட்டிவிட்டான். போன மாதம் அவன் பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல அதே கதை. சம்பந்தி வீட்டார் புதிதாகக் கேட்பவர்கள், அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனபோது அண்ணனும் பின்னால் வந்தான்.

“கோவமா பாப்பா?”

“இந்த வயசுல என்ன கோவம்.”

“நீ சொன்னதுதான் சரி. அது எனக்கு வேலைக்குச் சேந்த கொஞ்ச வருசத்துலயே தெரியும். கேன்டீன்ல பசங்களோட கட்டை உருட்டுவோம் இல்ல? நடுவுலதான் விழும்.”

நான் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். “அப்புறம் எதுக்கு இத்தன வருசமா என்ன வெச்சு ஊரச் சிரிக்க வெக்கிற?”

“அது அப்பா சொன்ன கதை. நான் மாத்திச் சொன்னா அப்பா ஏமாந்தவருன்னு ஆயிரும். நீ தாங்கிப்ப, அவரு தாங்கமாட்டாரு.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். “நான் தோக்கற பக்கம்தான் நின்னேன். அப்படியும் எனக்கு வந்துச்சு. கட்டை சுத்தறப்ப நீ கண்ண மூடிக்கிட்டு என்னமோ முணுமுணுத்த, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அத கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். என்ன பாப்பா வேண்டிக்கிட்ட?”

கீழே பிள்ளைகள் பலூனை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன்னு விழணும்னு” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றான் அண்ணன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. “கணக்கு தெரிஞ்சவ நீ ஒருத்திதான் அங்க. நீ எனக்கோசரம் வேண்டுனதாலதான் விழுந்துச்சுன்னு உங்க அண்ணிகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டான். கீழே காப்பிக்குக் கூப்பிடும்வரை பிடித்துக்கொண்டே நின்றான். நான் இழுத்துக்கொள்ளவில்லை.